ஃபேன் வீடியோ

நடுவர் ஐயா அவர்களே, வணக்கம். விழாக் கமிட்டிக்கு வணக்கம். எதிரணிக்கும் ஒண்ணு வச்சிருவோம், நாளைக்கு இன்னொரு மேடையில மூஞ்சியில முழிக்கணும்ல. முளைப்பாரியை இறக்கி வச்ச கையோட வந்து பாய் விரிச்சு உக்காந்திருக்கிற தாய்மார்களே, ஐஸ் வண்டியை விட்டு நகராம அங்கிட்டு நின்னே கேக்குற அண்ணன்மார்களே, மிச்ச வணக்கம் பூரா உங்களுக்குத்தான்.

தலைப்பு என்ன? "பிள்ளைகளின் குறும்பைக் கைபேசியில் பதிவது நினைவைச் சேர்க்கிறதா, நிகழ்வைத் தொலைக்கிறதா?" நான் சேர்க்கிறது அணி. பெருசா கொள்கையெல்லாம் இல்லை. கமிட்டிக்காரர் போன்ல கேட்டாரு, எந்த அணியில ஆள் கம்மியோ அங்க போட்டுக்கங்கன்னேன். ஆனா இங்க வந்து உக்காந்த பெறகு எனக்கு ரோஷம் வந்துருச்சு. வர வச்சது திண்டுக்கல் பேராசிரியை அக்கா.

அக்கா என்ன சொன்னாங்க? "இந்தக் காலத்து அப்பன் இருக்கானே, பிள்ளை விழுந்தாத் தூக்க மாட்டான். 'சாமி, அப்பா இன்னும் ஆன் பண்ணலடா, எந்திரிச்சு இன்னொரு தடவை விழு'ம்பான்." நீங்க பூராப் பேரும் கை தட்டுனீங்க. ஐஸ் வண்டிக்காரர் மணி அடிச்சாரு. நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டுப் பையத் தண்ணி பாட்டிலைத் தேடுனேன். ஏன்னா அது என் கதை. யார் சொன்னாங்கன்னு தெரியலை. என் வீட்டம்மா மேல எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு.

சரி, ஒத்துக்கிறேன். என் மகன் விழுந்தான், நான் வீடியோ எடுத்தேன். முழுசாக் கேட்டுட்டுத் தீர்ப்புச் சொல்லுங்க.

நாங்க இருக்கிறது ஆனையூர்ப் பக்கம் ஒரு வளவு வீடு. பயலுக்கு அப்பப் பதினோரு மாசம். கட்டில் காலைப் புடிச்சுக்கிட்டு நிப்பான், கையை விடுவான், பொத்துன்னு உக்காருவான். இன்னைக்கு நடந்துருவான், நாளைக்கு நடந்துருவான்னு வீடே காவல் காக்குது. நான் வேலைக்குப் போயிட்டு வந்து சட்டையைக் கழட்டாம போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். எத்தனை நாளு? ஒன்பது நாளு. அழகர் மதுரைக்கு வந்துட்டு மலைக்கே திரும்பியிருப்பாரு, இவன் கட்டிலை விட்டு வரல.

பத்தாவது நாள் ஞாயித்துக்கிழமை. கையை விட்டான். உக்காரல. ஒரு எட்டு. எனக்கு மூச்சு நின்னுருச்சு. ரெண்டாவது எட்டு. வாயைத் திறந்து சிரிக்கிறான், கீழ ரெண்டே ரெண்டு பல்லு. மூணாவது எட்டு வச்சான், பின்னாடி சாஞ்சான், பொடனி தரையில மடார்னு.

இங்கதான் அக்கா கவனிக்கணும். நான் இன்னொரு தடவை விழுன்னா சொன்னேன்? போனைத் தூக்கி எறிஞ்சுட்டுப் பிள்ளைகிட்ட ஓடுனேன். சாட்சி இருக்கான்னு கேப்பீங்க. இருக்கு, அந்த வீடியோவேதான் சாட்சி. மொத்தம் நாலு நிமிஷம் பதினோரு செகண்டு. அதுல என் மகன் வர்றது ஒன்பது செகண்டு. மிச்சம் பூரா எங்க வீட்டு ஃபேனு!

போன் குப்புற விழுந்திருக்கு. மூஞ்சி தரையில, கேமரா விட்டத்தைப் பாத்து. கண்ணாடி நொறுங்கிருச்சு. மாத்துன பில்லு ரெண்டாயிரத்து எண்ணூறு ரூபா, நடுவர் ஐயா பாக்கணும்னா பர்சுல இருக்கு. பிள்ளையைத் தூக்காத அப்பன் எவனாச்சும் ரெண்டாயிரத்து எண்ணூறு ரூபாயைத் தரையில எறிவானா?

அந்த வீடியோ எங்க சொந்தத்துல ரொம்பப் பிரபலம். மாமனார் வந்தாரு. "பேரன் நடந்த வீடியோவாம்ல, போடுங்க மாப்ளே"ன்னாரு. போட்டேன். ஒன்பது செகண்டு சிரிச்சாரு. அப்புறம் ஃபேனு. மனுசன் மரியாதைக்கு ஒண்ணும் சொல்லாம பாக்குறாரு. ஒரு நிமிஷம் ஆச்சு, ரெண்டு நிமிஷம் ஆச்சு. மூணாவது நிமிஷத்துல பையக் கேட்டாரு: "மாப்ளே, பிள்ளை மறுபடி எப்ப வருவான்?"

வீட்டம்மா பாத்தா. அவ கண்ணுக்குப் பிள்ளை தெரியல, ஃபேன் தெரியல. "ஏங்க, அந்த ரெண்டாவது ரெக்கையில எம்புட்டு ஒட்டடை! இதை நீங்க யாருக்கெல்லாம் காமிச்சீங்க?" அன்னைக்கு மத்தியானமே ஏணி போட்டு என்னைய ஏத்தி விட்டுட்டா.

வயரிங் வேலைக்கு ஒரு தம்பி வந்தாரு. பேச்சுவாக்குல அவருகிட்டயும் காமிச்சேன், என் வாய் சும்மா இருக்காது. அவர் போனைக் காதுகிட்ட வச்சுக் கேட்டாரு. "அண்ணே, கன்டென்சர் போயிருச்சுண்ணே. இந்தச் சுத்து பத்தாது, மாத்திருவோம்"னாரு. நினைவைச் சேர்க்கிறதான்னு கேக்குறீங்களே, எங்க வீட்டு ஃபேனையே அந்த வீடியோதான் ரிப்பேர் பண்ணுச்சு!

சிரிச்சது போதும். அக்கா ஒரு ஆய்வும் சொன்னாங்க, அதைத் தொட்டுட்டு வந்துர்றேன். அமெரிக்காவுல ஒரு அருங்காட்சியகத்துக்கு மாணவர்களைக் கூட்டிட்டுப் போனாங்களாம். போட்டோ எடுத்த பொருளை விட, எடுக்காம பாத்த பொருள்தான் மறுநாள் நல்லா ஞாபகம் இருந்துச்சாம். சரிக்கா, உண்மைதான். ஆனா அதே ஆய்வுல மிச்சம் பாதியை விட்டுட்டீங்களே. பொருளோட ஒரு பகுதியை மட்டும் கிட்டத்துல இழுத்து எடுத்தவுங்களுக்கு ஞாபகம் குறையலை. ஏன்? எதை எடுக்கிறோம்னு மனசு கூடவே பாக்குது. அதை விடுங்க, அவங்க பாத்தது சிலையும் ஓவியமும். எந்தச் சிலைக்கா உங்க மடியில ஒண்ணுக்குப் போச்சு?

இன்னொண்ணு, இது செல்போன் கொண்டாந்த வியாதின்னீங்க. அக்கா, நம்ம பாண்டியன் அறிவுடை நம்பி, செல்வம் எம்புட்டு இருந்தாலும் பிள்ளை இல்லாட்டி அது வாழ்நாளே இல்லைன்னு பாடுன ராஜா. எதை வச்சுப் பாடுனாரு? குறுக்க நடந்து வர்ற பிள்ளை, சின்னக் கையை நீட்டும், போடும், தொடும், கவ்வும், நெய்ச் சோத்தை அளைஞ்சு உடம்பு பூரா அப்பிக்கும். எழுதுனது ஒரு ராஜா! எத்தனை போர், எத்தனை கப்பம்! அத்தனையையும் விட்டுட்டுப் பிள்ளை சோத்தை அப்புறதை உக்காந்து பாத்திருக்காரு பாருங்க. கையில போன் இல்லை, ஓலையில ஏத்திட்டாரு.

அங்கிட்டு 1895 டிசம்பர் 28. பாரீஸ்ல ஒரு காப்பிக் கடைக்குக் கீழ்த்தளத்துல லூமியர் சகோதரர்கள் டிக்கெட் போட்டுச் சினிமா காட்டுறாங்க. பத்துப் படம், ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம் தேறாது. அதுல ஒரு படம் என்னன்னா, அண்ணன் ஆகஸ்ட் லூமியர் தன்னோட கைக்குழந்தைக்கு ஊட்டி விடுறாரு, பக்கத்துல பொண்டாட்டி. எடுத்தது தம்பி லூயி. அதாவது பிள்ளைக்குச் சித்தப்பா! நம்ம வீட்டு விசேஷத்துல வீடியோ எடுக்கிறது யாரு? சித்தப்பாதானே. லூமியர் சினிமா காசு வாங்குன மொத நாளே பிள்ளை சோறு திங்கிற வீடியோ ஓடிருக்கு. பாண்டியனும் சோறு, பாரீஸும் சோறு. இதுக்கு மேல வரலாறு எனக்குத் தெரியாது.

மணியில கை வைக்காதீங்கய்யா, இன்னொரு அஞ்சு நிமிஷம். அந்த ஃபேனுக்கே திரும்பிப் போறேன். இதுவரைக்கும் நீங்க பாத்தீங்க, கேக்கல.

அந்த நாலு நிமிஷத்துல ஃபேன் ஓடுற சத்தம் மட்டும் இல்லை. மொதல்ல பய அலறல். அடுத்து வீட்டம்மா, "போனைக் கீழ போட்டீங்களா, பிள்ளையைக் கீழ போட்டீங்களா?" நான், "ரெண்டையும்"னு. அப்புறம் அடுப்படியில இருந்து ஒரு குரல் ஓடி வருது. எங்கம்மா. சோழவந்தான் பக்கத்துக் கிராமம், அன்னைக்குத்தான் ஒரு கட்டு வெத்தலையோட பஸ் ஏறி வந்திருந்துச்சு.

"எவன்டா எஞ்சாமியை அடிச்சது? இந்தத் தரையா? இரு, இதை என்ன பண்றேன் பாரு." டப், டப், டப்புன்னு தரையில அடி. "இந்தா, அதுவும் அழுகுது பாரு. இனிமே அடிப்பியா? அடிப்பியா?" பய அழுகையை நிறுத்திட்டு ஒரு விக்கல் விட்டுச் சிரிக்கிறான். அது கேக்கும். மேல ஃபேன் சுத்தும்.

என் மகனுக்கு இப்ப ஏழு வயசு. மூணு மூணரை வயசுக்கு முந்தி நடந்தது பெரும்பாலும் யாருக்கும் ஞாபகத்துல நிக்கிறதில்லைன்னு படிச்சவங்க சொல்றாங்க. பதினோரு மாசத்துல விழுந்தது இவனுக்கு எப்படித் தெரியும்? போன மாசம் எங்க சின்னது தவழ்ந்து வந்து நிலைப்படியில முட்டிக்கிச்சு. நாங்க எந்திரிக்கிறதுக்குள்ள இவன் ஓடிப் போயி உக்காந்து நிலைப்படியை அடிக்கிறான். "எவன்டா எஞ்சாமியை அடிச்சது?" அதே ராகம், அதே "எஞ்சாமி". எங்க வீட்டுல வேற யாரும் அப்படிப் பேசுறதில்லை. அந்த வீடியோவை அவன் நூறு தடவை போட்டுக் கேட்டிருக்கான். "அப்பா, ஃபேன் வீடியோ போடு"ம்பான்.

எங்கம்மாவுக்குப் போட்டோன்னாலே ஆகாது. படம் புடிச்சா ஆயுசு கொறையும்னு அது நம்புச்சு. போனைத் தூக்குனா முந்தானையை எடுத்து மூஞ்சியை மூடிக்கும், இல்லாட்டித் திரும்பிக்கிட்டு, "பிள்ளையை எடுங்கடா, கெழவியை எதுக்கு"ன்னு வையும். எத்தனை பிறந்தநாளு, எத்தனை பொங்கலு. எங்க வீட்டு வீடியோவுல பூரா ஒரு சேலை மறைஞ்சு போகும், அம்புட்டுத்தான்.

அந்த ஞாயித்துக்கிழமை போன் ஓடுறது அதுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. பிள்ளைக்குத் தேங்காண்ண தடவிக்கிட்டே என்கிட்ட பேசுது. "நீ மொத மொத நடந்த அன்னைக்கு நான் களையெடுக்கப் போயிட்டேன். சாயந்தரம் வந்தா உங்கத்தை சொல்லுது, ஒம் மகன் நடந்துட்டான்டீன்னு. நடடா நடடான்னு கெஞ்சுறேன், நீ நடக்கவே இல்ல. தூங்கிட்ட." இப்படி ஒரு சேதி எனக்கு முப்பத்தி நாலு வயசு வரைக்கும் தெரியாது. அன்னைக்கும் நான் காதுல வாங்கலை, பிள்ளை பொடனியைத் தடவிக்கிட்டு இருந்தேன். வீடியோவுல "ம்"னு ஒரு சத்தம் வரும். அது நான்தான்.

அம்மா போயி மூணு வருஷம் ஆச்சு. போஸ்டர் அடிக்கிற இடத்துல, "அம்மா படம் நல்லதா ஒண்ணு குடுங்கண்ணே"ன்னாங்க. மதுரையில எதுக்குத்தான் போஸ்டர் இல்லை? எங்கம்மாவுக்கு ஒட்டப் படம் இல்லை. ஓட்டர் கார்டுல இருந்து பெருசாக்குனோம். யாரோ அதட்டி உக்கார வச்ச மாதிரி ஒரு மூஞ்சி. செவத்துல பாத்துட்டு எங்க அத்தை, "இது யாருடா?"ன்னுச்சு.

நாலு நிமிஷத்துல கடைசி பத்து செகண்டு மட்டும் இன்னும் சொல்லலை. "போனை எங்கடா போட்ட?"ன்னு அம்மா குரல். ஃபேனை மறைச்சுக்கிட்டு ஒரு நிழல் குனியுது. குனிஞ்சு, கேமராவுக்கு நேரா, எங்கம்மா மூஞ்சி. தலைகீழா. நெத்தியில வேர்வை, மூக்குத்தி, உச்சந்தலையில சொருகுன முந்தானை. மூடிக்கலை. ரெண்டு செகண்டு. பெறகு போனைத் திருப்பிப் பாக்குது, எங்களுக்குத் தரைதான் தெரியுது. குரல் மட்டும் வருது.

"ஏய், என்னமோ செவப்பா மினுக்குதுடா, இந்தா புடி."

இப்ப அடிங்கய்யா மணியை.