ஆறு மா நிலமும் ஓர் எக்ஸும்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் டெல்டாவில் நாற்று நடும்போதே கண்டுமுதல் பேச்சு, அதாவது அறுத்தால் எவ்வளவு நெல் வரும் என்ற பேச்சு, வந்துவிடும். "மாவுக்கு இத்தனை மூட்டை கண்டா, குத்தகை போக இவ்வளவு நிக்கும்" என்பார்கள். மா என்பது இங்கே நில அளவு. அந்த "இத்தனை" என்னவென்று களத்துமேட்டுக்குப் போனால்தான் தெரியும். தெரியாவிட்டாலும் கணக்கு நடக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்கணிதத்தை இங்கிருந்துதான் தொடங்கினேன். தொடங்கிய கையோடு ஒரு தப்பும் செய்தேன்.

6 மா நிலம், அதாவது 2 ஏக்கர். மாவுக்குக் கிடைக்கும் மூட்டை எத்தனையோ, அதற்கு "மூ" என்று பெயர் வைத்து, பலகையில் 6மூ என்று எழுதினேன். தமிழ் எழுத்தாக இருந்தால் எளிதாக இருக்குமே என்ற ஆசை. ஒரு பையன் எழுந்து சத்தமாகப் படித்தான்: "ஆறு மூட்டை!"

அவன் மேல் குற்றமில்லை. மூட்டையின் முதலெழுத்தை நான் வைத்தேன், அவன் மூட்டை என்றே படித்தான். ஆனால் மாறி என்பது பொருளின் சுருக்கப் பெயர் இல்லை. அது ஓர் எண். எத்தனை மூட்டை என்கிற, இன்னும் தெரியாத எண். இந்த ஓர் இடத்தில் வழுக்கியவர்கள் பத்தாம் வகுப்பு வரை வழுக்கிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கணித அறிஞர் பாஸ்கரர் தெரியாத எண்களைக் காளகம், நீலகம், பீதகம் என்று நிறங்களின் பெயரால் அழைத்தார். கறுப்பு, நீலம், மஞ்சள். நெல்லோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். 1637-இல் பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் தெக்கார்த் எக்ஸ், ஒய், இசட் என்று எழுதியது உலகத்துக்கே நிலைத்துவிட்டது. நானும் "மூ"வை அழித்து எக்ஸ் போட்டேன்.

இப்போது 6 எக்ஸ். முன்னால் நிற்கும் 6-க்குக் கெழு என்று பெயர். கெழுமுதல் என்றால் நெருங்கிச் சேர்தல். மாறியோடு ஒட்டி நின்று அதைப் பெருக்குகிற எண். நடுவில் பெருக்கல் குறி இருக்கிறது, எழுதுவதில்லை, அவ்வளவுதான். "எக்ஸ் 12 என்றால்?" என்று கேட்டேன். ஒரு பெண் 6-க்குப் பக்கத்தில் 12-ஐ எழுதி, "612 மூட்டை சார்" என்றாள். ஆறு மாவில் அறுநூற்றுப் பன்னிரண்டு மூட்டை! வகுப்பே சிரித்தது. விவசாய வீட்டுப் பிள்ளைகள், 72-தான் என்று அவர்களே திருத்திவிட்டார்கள். வெறும் எக்ஸ் என்று இருந்தால் கெழு 1, சொல்லாமலே இருக்கும்.

குத்தகை 15 மூட்டை. வெள்ளாமை எப்படிப் போனாலும் அது மாறாது, அதனால் மாறிலி. எல்லாம் சேர்ந்து 6 எக்ஸ் கழித்தல் 15. எண்ணும் மாறியும் இப்படிக் கோத்து நிற்பதுதான் இயற்கணிதக் கோவை. "விடை என்ன சார்?" என்றார்கள். சமக்குறி இல்லையே, எக்ஸைக் கண்டுபிடிக்க இங்கே ஒன்றும் இல்லை. களத்துமேடு வரை இதுவேதான் விடை. இன்னொரு திடலில் 4 மா இருந்து, அங்கே விளைச்சல் வேறாக இருந்தால் அதற்கு ஒய். 6 எக்ஸும் 4 ஒய்யும் சேர்ந்து 10 ஆகாது. இரண்டு திடலிலும் ஒரே விளைச்சல் என்றால் 10 எக்ஸ், சரி.

பிறகு எண்களைப் போட்டுப் பார்த்தோம். எக்ஸ் 12 என்றால் 57 மிச்சம். ஐப்பசி அடைமழையில் பயிர் மூழ்கி எக்ஸ் 2 ஆகிவிட்டால்? சுழிக்குக் கீழே போகும் குறை எண்ணை நான் இன்னும் நடத்தவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் சொன்னான்: "குத்தகைக்கு 3 மூட்டை கடன் வாங்கணும் சார்."

வணக்கம்.