முதலில் மணியைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. மட்டக்களப்பு கல்லடியில் கொம்பியூட்டர் திருத்துகிறவன் நான். பேச அழைத்த நிலையத்தாருக்கு நன்றி.

போன மாரியில் ஒரு அம்மா, பழைய சேலையால் சுற்றி, வின்டோஸ் 7 மெசின் ஒன்றை ஓட்டோவில் கொண்டுவந்தார். "இன்டர்நெட் ஒண்டும் திறக்குதில்ல மனே. போமட் பண்ணணுமாம், உள்ள இருக்கிறதெல்லாம் போயிருமாம்" என்றார். வேறொரு கடையில் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே இருந்தவை மகளின் சாமத்திய வீட்டுப் படங்களும், கண்ணகி அம்மன் சடங்குக் கணக்கும்.

போட்டுப் பார்த்தேன். திரையின் வலது மூலையில் 2009 ஜனவரி 1 என்று நின்றது. அவ்வளவுதான் நோய். இணையத்தளம் அநேகமாக ஒவ்வொன்றும் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் வைத்திருக்கும். அது எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை செல்லும் என்று அதிலேயே இருக்கும். 2009இல் நிற்கும் மெசினுக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் தொடங்காத ஒன்று. அதனால் பக்கத்தைத் திறக்க மறுக்கிறது. கரண்டை நிறுத்தினாலும் மணிக்கூட்டை ஓடவைப்பது மதர்போர்டில் இருக்கும் சில்லறைக் காசு அளவு பற்றறி, சிஆர் 2032, 3 வோல்ட். அது தீர்ந்திருந்தது. மாற்றித் திகதியைத் திருத்தினேன், எல்லாம் திறந்தது.

போமட் என்ற சொல்லைக் கேட்டதும் தயவுசெய்து தலையாட்டிவிடாதீர்கள். உண்மையிலேயே தேவைப்பட்டாலும், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெசினில் பூட்டிப் படங்களை எடுத்த பிறகுதான் அந்த வேலை. எடுத்துத் தரச்சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

கல்லடிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று, மெசினுக்குள் இருக்கும் நினைவகப் பலகையான றாமின் பொன்னிறப் பற்களில் மெல்லப் படியும். மெசின் பீப் பீப் என்று கத்தி, திரை கறுப்பாகவே நின்றால், பிளக்கைக் கழற்றிவிட்டு, பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டு, றாமை எடுத்து அந்தப் பற்களைப் பிள்ளைகளின் அழிறப்பரால் மெதுவாகத் தேயுங்கள். தூளைத் துடைத்து, இரண்டு பக்கக் கொளுக்கியும் டக்கென்று விழும்வரை அழுத்திப் பூட்டுங்கள். பல மெசின்கள் இதோடு எழும்பிவிடும். வின்டோஸ் 7 மெசினில் நீலத் திரை வந்து வந்து நின்றால், போட்டவுடன் எஃப் 8ஐத் தட்டி, அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் போய், கடைசியாகப் போட்ட மென்பொருளை நீக்கிப் பாருங்கள்.

வின்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் 2020 ஜனவரி 14உடன் பொதுவாக நிறுத்திவிட்டது. அதைவிடப் பழைய வின்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8. கடிதம் அடிக்க, படம் பார்க்க வைத்திருங்கள். வங்கி வேலை மட்டும் அதில் வேண்டாம்.

அந்த அம்மா ஒரு கிழமையில் திரும்பி வந்தார். சடங்குக் கணக்கைப் பென் டிரைவில் எடுத்து மகளின் புது லப்டொப்பில் திறந்தால், எல்லாம் ஆங்கில எழுத்து, குற்று வரும் இடமெல்லாம் அரைப்புள்ளி. வைரஸ் என்று பயந்துவிட்டார். கணக்கு அடித்தது, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்; லப்டொப்பில் பாமினி இல்லை. பழைய மெசினின் ஃபொன்ட்ஸ் கோப்புறையிலிருந்து அதை எடுத்துப் போட்டேன். தேங்காய், வாழைக்குலை, மடைப்பெட்டி என்று வரி வரியாகத் தமிழ் திரும்பி வந்தது. அம்மா திரையில் விரல்வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார்.

நன்றி, வணக்கம்.