பிரஸ் பாக்ஸுக்கு வெளியே உட்கார்ந்த ஜீனி மோரிஸ்

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு நான் பேசப்போறது அமெரிக்காவுல விளையாட்டு நிருபரா இருந்த ஜீனி மோரிஸ் பத்தி. சிகாகோல லோக்கல் டிவி பார்த்து வளர்ந்தவங்களுக்கு ரொம்பப் பழக்கமான பேரு, நம்மள்ல நிறைய பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

அவங்க வீட்டுக்காரர் ஜானி மோரிஸ், சிகாகோ பேர்ஸ் டீம்ல 1967 வரைக்கும் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடினவரு. அவரை ஒரு பேப்பர்ல தொடர் எழுதச் சொல்லி கேட்டாங்க, அவரோ என் மனைவிகிட்ட கேளுங்க, அவதான் எழுதுறவன்னு கைகாட்டி விட்டுட்டாரு. பேப்பரும் சரின்னுச்சு. ஆனா என்ன பேர்ல போட்டாங்க தெரியுமா? ‘மிஸஸ் ஜானி மோரிஸ்’! நாலு பிள்ளைங்களை வளர்த்துக்கிட்டே ராத்திரி பகல்னு பாக்காம எழுதுறது இவங்க, மேல அச்சாகுற பேரு புருஷனோடது. எனக்கு இதைப் படிச்சப்ப வயிறு எரிஞ்சுது.

இன்னொண்ணு கேளுங்க. மினசோட்டால அந்த ஊரு டீம் வைக்கிங்ஸ் கூட பேர்ஸ் மேட்ச், அதை கவர் பண்ணப் போறாங்க. பிரஸ் பாக்ஸ்ல, அதாவது நிருபர்கள் உட்கார்ந்து மேட்ச் பார்க்குற ரூம்ல, பொம்பளைங்களுக்கு அனுமதி கிடையாதுன்னுட்டாங்க. ஆம்பள நிருபர்கள்லாம் உள்ள கதகதப்பா இருக்க, இவங்க அந்த ரூமுக்கு வெளியே, கொட்டுற பனிப்புயல்ல உட்கார்ந்து மேட்ச் பார்த்தாங்க. மினசோட்டா குளிர்னா சும்மா இல்லீங்க, எலும்புக்குள்ள இறங்குற குளிரு. ஆனாலும் எழுந்து போகல.

அப்புறம் டிவி. டபிள்யூஎம்ஏக்யூ, டபிள்யூபிபிஎம்னு சிகாகோவோட பெரிய சேனல் ரெண்டுலயும் வேலை பார்த்தாங்க. லோக்கல் நியூஸ்ல ஸ்போர்ட்ஸுக்குக் கிடைக்கிறதே சில நிமிஷம்தான், அதுலயும் வெறும் ஸ்கோரை வாசிச்சுட்டுப் போகாம ஆடுறவன் என்ன மாதிரி மனுஷன், அவன் வீட்ல என்ன கஷ்டம்னு போய் கேட்டு சொன்னாங்க. பேர்ஸ்ல ஆடின பிரையன் பிக்கலோ 1970ல கேன்சர்ல செத்தப்ப வயசு 26தான், அவர் டேப்ல பேசி வச்ச நினைவுகளை வச்சு அடுத்த வருஷமே புத்தகம் எழுதினாங்க, அது நல்லா வித்துச்சு.

1975ல நியூ ஆர்லியன்ஸ்ல நடந்த சூப்பர் பௌல்ல, அதாவது அமெரிக்கன் ஃபுட்பாலோட ஃபைனல்ல, லைவ் ரிப்போர்ட் பண்ணின முதல் பெண் இவங்கதான். அன்னைக்கு பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 16-6னு யாரை ஜெயிச்சாங்க தெரியுமா? அதே மினசோட்டா வைக்கிங்ஸை!

இதெல்லாம் கோர்ட் தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடிங்க. பேஸ்பால் ஆட்டக்காரங்க உடை மாத்துற லாக்கர் ரூமுக்குள்ள போய் பேட்டி எடுக்க பெண் நிருபர்களுக்கும் சம உரிமைன்னு, மெலிசா லட்கிங்குற நிருபர் போட்ட கேஸ்ல நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி தீர்ப்பு சொன்னது 1978ல. அந்த நீதிபதியும் ஒரு பெண், அதுவும் கறுப்பினப் பெண். அந்தத் தீர்ப்பைக் கொண்டாடுறோம், கொண்டாடத்தான் வேணும். ஆனா அதுக்கு முன்னாடியே ஒரு ஊரு முழுக்க சாயங்காலம் டிவியப் போட்டு, ஒரு பொம்பள ஃபுட்பால் பத்திப் பேசுறதை சகஜமா பார்க்கப் பழகியிருந்துச்சு. அதைப் பழக்கினது ஜீனி மாதிரி லோக்கல் சேனல்ல வேலை பார்த்தவங்கதான்னு நான் அடிச்சு சொல்வேன்.

சிகாகோல விளையாட்டுப் பத்திரிகையாளர்களுக்குக் கொடுக்குற ரிங் லார்ட்னர் விருதை 2014ல வாங்கினாங்க, அதை வாங்கின முதல் பெண்ணும் இவங்கதான். 2020 டிசம்பர்ல இறந்தப்ப பத்திரிகைக்காரங்க ‘மிஸஸ் ஜானி’ன்னு எழுதல, ஜீனி மோரிஸ்னுதான் எழுதினாங்க.