ஏழு புள்ளி

நேயர்களுக்கு வணக்கம்.

உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர் பலர் இப்போது கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பெறுபேறு ஒரு நாள் வரும். வெட்டுப்புள்ளி, அதாவது பல்கலைக்கழகத்துக்கு எடுபட வேண்டிய ஆகக் குறைந்த புள்ளி, அதற்குப் பல மாதம் கழித்துத்தான் வரும். அந்த இடைப்பட்ட மாதங்களில் அந்தப் பிள்ளைக்கு முன்னால் யாரும் பல்கலைக்கழகம் என்ற சொல்லையே எடுப்பதில்லை. அம்மா கோயிலுக்கு நேர்த்தி வைத்திருப்பார். அப்பா போன ஆண்டு வெட்டுப்புள்ளியை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருப்பார். முப்பத்திரண்டு ஆண்டுகள் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்த எனக்கு அந்தத் துண்டுத் தாளை நன்றாகத் தெரியும்.

பல்கலைக்கழகத்துக்கு யாரை எடுப்பது என்பதில் அரசியல் நெருக்கடி நுழைந்தால் என்ன நடக்கும்? இதைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். வேறு நாடுகளிலும் இது நடக்கிறது. நான் நம் இலங்கையில் நடந்ததையே சொல்கிறேன். 1970ஐ ஒட்டி நம் வீடுகளுக்குள் வந்த தரப்படுத்தல்தான் விடயம், அதாவது பரீட்சை எழுதிய மொழியைப் பார்த்து, பிறகு மாவட்டத்தையும் பார்த்து, பிள்ளைக்குப் பிள்ளை வேறு அளவு வைத்த முறை. இளம் பிள்ளைகள் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பார்கள். உண்மையில் என்ன நடந்தது என்று பலருக்குச் சொல்லப்படவில்லை.

முதலில் எங்கள் வீட்டுக் கதை.

என் அண்ணா அந்த முதல் தொகுதிப் பிள்ளைகளில் ஒருவர். அப்போது நான்கு பாடம், பாடத்துக்கு நூறு, மொத்தம் நானூறு. அண்ணாவுக்குப் பொறியியல்தான் கனவு. மொத்தம் 243 எடுத்திருந்தார். அதுகூட அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அந்த ஆண்டு பொறியியலுக்குத் தமிழ் மொழியில் எழுதிய பிள்ளைகளுக்கு 250 வேண்டும். சிங்கள மொழியில் எழுதியவர்களுக்கு 227 போதும். ஒரே பீடம், ஒரே விரிவுரை மண்டபம். மருத்துவத்துக்கும் அப்படித்தான், தமிழில் 250, சிங்களத்தில் 229. இந்த எண்களை நான் புத்தகம் பார்க்காமல் சொல்வேன். எங்கள் வீட்டில் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடமான எண்கள் இவை.

அப்பா குருநாகலில் தபாற்கந்தோரில் நீண்ட காலம் வேலை பார்த்தவர். அங்கே அவரோடு பக்கத்து மேசையில் இருந்த சிங்கள நண்பர் ஒருவர். நாங்கள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய மகனும் என் அண்ணாவும் ஒரே வயது. இரண்டு பேரும் ஒரே ஆண்டு பரீட்சை எழுதினார்கள். ஒரு நாள் மாமாவிடமிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. மகனுக்குப் பேராதனையில் பொறியியல் கிடைத்துவிட்டது, உங்கள் மகனும் அங்கேதான் வருவான், இரண்டு பேரையும் ஒரே விடுதி அறையில் விடக் கேட்டுப் பார்ப்போம் என்று எழுதியிருந்தார். அவ்வளவு சந்தோசம் அந்தக் கடிதத்தில்.

அப்பா மூன்று கிழமை பதில் எழுதவில்லை. தினமும் சாப்பிட்ட பிறகு தாளை எடுத்து வைப்பார், பிறகு மடித்து வைப்பார். கடைசியில் எழுதிய கடிதத்தில் வாழ்த்துச் சொல்லிவிட்டு, எங்களுடைய பிள்ளை அடுத்த முறை எழுதுவான் என்று ஒரு வரி மட்டும். புள்ளியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

மாமாவுக்கு விடயம் வேறு வழியாகத் தெரிந்துவிட்டது. அடுத்த விடுமுறைக்கு ரயிலேறி எங்கள் வீட்டுக்கே வந்தார், கையில் கித்துள் பனங்கட்டிப் பொதியோடு. விறாந்தையில் இருந்து அப்பாவோடு நெடுநேரம் பேசினார். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும், கதவோரம் நின்று கேட்டேன். அவர் சொன்ன ஒன்று இன்றைக்கும் என் காதில் நிற்கிறது. தன் மகன் படித்த பள்ளிக்கூடத்தில் இரசாயன ஆசிரியர் பியூரெட் என்ற அளவுக் கண்ணாடிக் குழாயைக் கரும்பலகையில் கீறித்தான் காட்டினாராம். செய்முறைப் பரீட்சைக்காக வேறு ஊருக்குப் போன அன்றுதான் அந்தப் பிள்ளை முதன்முதலாக ஓர் ஆய்வுகூடத்துக்குள் காலெடுத்து வைத்தானாம்.

நேயர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தரப்படுத்தலைப் பற்றிப் பேசும்போது நம்மில் பலர் அந்தப் பிள்ளையை மறந்துவிடுகிறோம். ஆய்வுகூடம் இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்து 231 எடுத்த பிள்ளை கெட்டிக்காரன்தான். அவன் பேராதனைக்குப் போனதில் எனக்கு அன்றும் இன்றும் மனக்குறை இல்லை. என் கோபம் வேறு. அவனுடைய ஊரில் ஆய்வுகூடம் கட்ட வேண்டியவர்கள் அதைக் கட்டவில்லை. அதற்குப் பதிலாகக் கொழும்பில் உட்கார்ந்து வெட்டுப்புள்ளியை மாற்றினார்கள். கட்டடத்துக்குப் பணம் வேண்டும், ஆசிரியர் வேண்டும், பத்து ஆண்டு வேண்டும். வெட்டுப்புள்ளியை மாற்ற ஒரு கூட்டம் போதும். அரசியல் நெருக்கடி வரும்போதெல்லாம் ஆட்சியில் இருப்பவர்கள் இந்த மலிவான வழியைத்தான் தேடுகிறார்கள். இதை நான் இன்னும் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெருக்கடி எங்கிருந்து வந்தது? விஞ்ஞானப் பீடங்களில் இடங்கள் மிகக் குறைவு. அவற்றில் தமிழ்ப் பிள்ளைகள் மக்கள்தொகை விகிதத்தைவிட மிக அதிகம். பொறியியலில் 1969-70இல் ஏறத்தாழப் பாதி. அதற்குக் காரணமும் உண்டு. வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கிய 1823இலிருந்தே யாழ்ப்பாணத்தில் மிசன் பள்ளிக்கூடங்கள், பிறகு அவற்றுக்குப் போட்டியாகச் சைவப் பள்ளிக்கூடங்கள். வரண்ட மண், ஆறு இல்லை, படிப்பும் அரச உத்தியோகமும்தான் பிழைப்பு. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்து நிர்வாக உத்தியோகங்களின் கதவு ஒடுங்கியது. மிஞ்சியது மருத்துவமும் பொறியியலும். எங்கள் பெற்றோர் பிள்ளைகளை அந்தப் பக்கம் தள்ளியதற்கு அதுதான் காரணம்.

மறுபக்கத்தில் சிங்களக் கிராமப்புற இளைஞர் தாய்மொழியில் படித்து வந்து, கலைப் பட்டம் கையில் இருந்தும் வேலையில்லாமல் நின்றார்கள். அந்தக் கொதிப்பு எவ்வளவு என்பதை 1971 ஏப்ரலில் அந்த இளைஞர் அரசுக்கு எதிராக ஆயுதம் எடுத்த கிளர்ச்சி காட்டியது. 1970 மே மாதம் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசுக்கு அந்த இளைஞருக்கு ஏதாவது செய்து காட்ட வேண்டிய அவசரம். அதோடு, தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புள்ளியை அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று ஒரு கதையும் பரவியது. அந்தக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவே இல்லை. ஆனால் அது செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டது. பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் மொழிக்கு ஒரு வெட்டுப்புள்ளி வந்தது.

நான் கவலைப்படுகிற இடம் இதுதான். பரீட்சை எழுதப் போகும்போது தனக்கு ஒரு அளவும் பக்கத்து மண்டபத்துப் பிள்ளைக்கு வேறு அளவும் இருக்கும் என்று என் அண்ணாவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. பந்தயம் ஓடி முடிந்த பிறகு கோட்டைத் தள்ளிப் போட்ட மாதிரி. அதுவும் பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்களைக் கூட்டி யோசித்துச் செய்ததில்லை. முன்பு ஒரு காலத்தில் இலங்கைப் பல்கலைக்கழகமே தன் நுழைவுத் தேர்வை நடத்தியது. பிறகு அது பரீட்சைத் திணைக்களத்திடம் போனது. 1966இல் உயர்கல்விச் சட்டம் வந்து, மேலே ஒரு தேசிய சபையை வைத்தது. 1972இல் எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக்கப்பட்டன. படிப்படியாகக் கை மாறியது. அனுமதி பற்றிய முடிவு வெளியிலிருந்து வந்தபோது, இல்லை என்று சொல்லும் பலம் உள்ளே யாருக்கும் மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு சூத்திரம் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு முறை மாறியது. முதலில் மொழிக்கு ஒரு வெட்டுப்புள்ளி. அப்புறம் மொழிவாரியாகப் புள்ளியையே ஒரு பொது அளவுக்கு ஏற்றி இறக்கினார்கள். 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. பொறியியலில் தமிழ்ப் பிள்ளைகளின் பங்கு 1975இல் 14 சதவீத அளவுக்கு வந்துவிட்டது. மருத்துவத்தில் 17 சதவீத அளவு. ஐந்தே ஆண்டுகளில் இவ்வளவு இறக்கம். 1970இல் தமிழ் மாணவர் பேரவை தோன்றியதே இதை எதிர்த்துத்தான். அதற்குப் பிறகு வந்த காலத்தை நான் சொல்லத் தேவையில்லை, நீங்கள் வாழ்ந்தே பார்த்தீர்கள்.

மாவட்ட ஒதுக்கீட்டைப் பற்றி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். அதனால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் மட்டும் இழக்கவில்லை, கொழும்பு நகரச் சிங்களப் பிள்ளைகளும் இழந்தார்கள். கண்டிப் பகுதிக் கிராமங்களுக்கும், முஸ்லிம் பிள்ளைகளுக்கும், மட்டக்களப்பு, மன்னார், வவுனியாத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைத்தது. இந்த ஒதுக்கீட்டால் மருத்துவரானவர்கள் எனக்கே பழக்கம், அவர்கள் அருமையான மருத்துவர்கள். ஆகவே பின்தங்கிய ஊருக்குக் கைகொடுப்பது பிழை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் மாவட்டம் என்ற அளவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். நெடுந்தீவுப் பிள்ளை குறிகட்டுவானுக்குப் படகேறி வரவேண்டும். கடல் கொந்தளித்தால் படகே இல்லை. அங்கே விஞ்ஞானம் படிப்பிக்க ஆசிரியர் கிடைப்பதே பெரிய பாடு. யாழ் நகரத்துப் பிள்ளைக்குச் சைக்கிளில் பத்து நிமிடத்தில் பெரிய பள்ளிக்கூடம், பின்னேரம் நான்கு தனியார் வகுப்பு. இரண்டு பேரும் ஒரே மாவட்டம், ஒரே வெட்டுப்புள்ளி. கொழும்பு மாவட்டத்திலும் இதே கதைதான், நகரத்துப் பெரிய கல்லூரிக்கும் அவிசாவளைப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே கோடு.

மலையகத்தைப் பாருங்கள். நுவரெலியா மாவட்டத்துக்கு இடங்கள் மக்கள்தொகைக் கணக்கில் வருகின்றன. அந்தத் தொகையில் பெரும் பங்கு தோட்டத்து மக்கள். அவர்களின் தலை எண்ணப்பட்டது. அவர்களுடைய பள்ளிக்கூடங்கள் பெரும்பாலானவற்றிலோ பல பத்தாண்டுகளாக உயர்தர விஞ்ஞான வகுப்பே இருந்ததில்லை. எண்ணிக்கை ஒருவருடையது, இடம் இன்னொருவருக்கு. வெளி மாவட்டத்துப் பெற்றோர் அங்கே வீடு வாடகைக்கு எடுத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிற வழக்கமும் வந்தது. என்னிடம் படித்த ஒரு பையனின் அப்பா ஒரு நாள் வந்து, எந்த மாவட்டத்துக்குப் போனால் லாபம் சேர் என்று கேட்டார். மரக்கறிச் சந்தையில் விலை கேட்கிற மாதிரிக் கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. நாட்டின் வரைபடத்தை அந்த மனிதர் வெட்டுப்புள்ளிப் பட்டியலாகப் பார்க்கும்படி யார் செய்தது? பள்ளிக்கூடத்தைத் திருத்தாமல் கணக்கைத் திருத்தினால் பெற்றோரும் கணக்குத்தான் போடுவார்கள்.

சரி, நேரம் ஓடுகிறது. தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையைக் காட்டுகிறார்.

1977இல் ஆட்சி மாறியது, மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. அதன் பிறகு திறமைக்கு 30 சதவீதம், மாவட்டத்துக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 15 என்று ஒரு பங்கீடு வந்தது. இப்போது அது 40, 55, 5. இதில் எது சரியான எண் என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த எண்ணை எந்த ஆய்வை வைத்து, யார், எப்போது தீர்மானித்தார்கள் என்று பெற்றோர் கேட்கலாம். பரீட்சைக்கு முன்னரே அது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இசட் புள்ளியைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். 2001இலிருந்து அதுதான் நடைமுறை. பேராதனைப் புள்ளிவிபரவியல் பேராசிரியர் ஆர்.ஓ. தட்டில் முன்வைத்த முறை. ஒரு பாடத்தில் நீங்கள் அந்தப் பாடம் எழுதியவர்களின் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறீர்கள் என்று பார்க்கும். கடினமான பாடம் எடுத்த பிள்ளை அதற்காகத் தண்டிக்கப்படாது. நல்ல முறை. ஆனால் 2011இல் பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் இரண்டிலும் எழுதிய பிள்ளைகளை ஒன்றாகப் போட்டுக் கணக்கிட்டார்கள். பிள்ளைகள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2012இல் நீதிமன்றம் அந்தக் கணக்கைத் தள்ளி, தனித்தனியாகச் செய்யச் சொன்னது. என் அண்ணாவின் காலத்தில் இப்படிப் போய்க் கேட்கலாம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணா மறுபடி எழுதினார். அப்போது சூத்திரம் மாறியிருந்தது. பொறியியல் கிடைக்கவில்லை. எழுதுவினைஞராகச் சேர்ந்து, அதிலேயே ஓய்வு பெற்றார். இப்போது கண் சரியாகத் தெரியாது, வானொலிதான் துணை. இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பார். அண்ணா, நீங்கள் சொல்லச் சொன்ன இரண்டு எண்களையும் சொல்லிவிட்டேன். வணக்கம்.