ரொட்டிக்கு எத்தனை இஃப்?
(டர்பனில் தமிழ் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நிரல் எழுதும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

மளிகைக் கடைக்கு பில் போடும் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் தென்னாப்பிரிக்காவில் வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி, 15 சதவீதம். ஆனால் பிரவுன் பிரெட்டுக்கு பூஜ்யம், வெள்ளை பிரெட்டுக்கு 15. சமையல் எண்ணெய்க்கு பூஜ்யம், ஆலிவ் எண்ணெய்க்கு மட்டும் 15. 2019 ஏப்ரல் 1 முதல் கேக் மாவுக்கும் பூஜ்யம்.

இதை எழுத உட்கார்ந்தால் கை தானாக என்ன செய்யும்? ‘இப்படி இருந்தால்’ என்று கேட்கும் இஃப், ‘இல்லாவிட்டால்’ என்னும் எல்ஸ், இரண்டையும் அடுக்கும்: இஃப் பிரெட், அதற்குள் இஃப் பிரவுன், எல்ஸ், இஃப் எண்ணெய், அதற்குள் இஃப் ஆலிவ். கொஞ்ச நேரத்தில் நிரல் திரையின் வலது ஓரத்துக்கே போய்விடும். இந்த இஃப் குவியலைக் குறைப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில், ஆகாத கேஸ்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். விற்பனை ரத்தா? ரிட்டர்ன், அதாவது அங்கேயே வெளியேறிவிடுங்கள். பொருளின் குறியீடு இல்லையா? பிழை சொல்லிவிட்டு ரிட்டர்ன். எல்ஸுக்கு வேலையே இல்லை.

அப்புறம், எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்பது தர்க்கமே அல்ல, தகவல். அட்டவணையில் வையுங்கள்: பொருள் வகை, விகிதம், எந்தத் தேதி முதல். 2018 ஏப்ரல் 1 அன்று 14 சதவீதம் 15 ஆனபோது, அட்டவணை வைத்திருந்தவருக்கு ஒரு வரி சேர்க்கும் வேலைதான். மற்றவர்கள் நிரல் முழுக்க 14-ஐத் தேட வேண்டும். அது 14 என்று மட்டுமா இருக்கும்? ஓரிடத்தில் 0.14, ஓரிடத்தில் 1.14, விலைக்குள் அடங்கிய வாட்டைப் பிரிக்கும் இடத்தில் 14/114! 2025 மே 1 முதல் 15.5 என்று அறிவித்து, ஏப்ரல் கடைசியில் வேண்டாம் என்றார்கள். அட்டவணைக்காரர் அந்த வரியை அழித்தால் போதும்.

‘வெள்ளை பிரெட்டோ ஆலிவ் எண்ணெயோ அல்ல’ மாதிரி எதிர்மறை நிபந்தனைகளைப் பிரிக்கும்போது கவனம். ‘அல்லது’ என்பது ‘மற்றும்’ ஆக மாறும்: வெள்ளை பிரெட்டும் அல்ல, ஆலிவ் எண்ணெயும் அல்ல. இந்த விதிக்குப் பெயர் தந்த கணிதவியலாளர் டி மார்கன் 1806-இல் மதுரையில் பிறந்தவர். நம்மூர்க்காரர் என்று சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை!

இரண்டே கிளை உள்ள இஃபை அப்படியே விடுங்கள். அதற்குப் போய் கிளைக்கு ஒன்றாக நிரலைப் பிரித்து நாலு கிளாஸ் எழுதுவது வீண் வேலை.

சரி, கை வைப்பதற்கு முன் பழைய நிரலின் விடைகளைச் சோதனைகளாக எழுதி வையுங்கள். 2018 மார்ச் 31-க்கு ஒரு பில், ஏப்ரல் 1-க்கு ஒரு பில். மார்ச்சில் வாங்கிய பொருளை மே மாதம் ஒருவர் திருப்பிக் கொடுத்தால், அதற்கு 14 சதவீதம்தான் கழிய வேண்டும். அதையும் சேர்த்து எழுதுங்கள்.