நாடிழந்த அரசின் தளபதி: மாலிக் அம்பர்

அவைத்தலைவர் அவர்களுக்கும் இங்கே கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் என் வணக்கம்.

1600ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அக்பரின் படைகள் அகமதுநகர்க் கோட்டையைக் கைப்பற்றின. அதைக் காத்து நின்ற சாந்த் பீவி தம் படையினராலேயே கொல்லப்பட்டிருந்தார்; சிறுவனான சுல்தான் குவாலியர்ச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டான். அகமதுநகரை ஆண்ட நிஜாம் ஷாஹி அரசு அன்றோடு முடிந்துவிட்டது என்றே முகலாயர் எண்ணினர். அந்த அரசை மேலும் கால் நூற்றாண்டு உயிரோடு வைத்திருந்தவர் ஒரு காலத்தில் அடிமையாக விற்கப்பட்ட மனிதர். மாலிக் அம்பரை வீரக்கதை நாயகராகப் போற்றுவதைவிட, போரை எப்படி நடத்தினார் என்று ஆராய்வதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று நான் கருதுகிறேன்.

அவர் எத்தியோப்பியாவில் ஏறக்குறைய 1548இல் பிறந்தவர். இளம் வயதிலேயே விற்கப்பட்டு, செங்கடற்கரையின் மோக்கா, பாக்தாத் எனக் கைமாறினார். அவரை வாங்கிய மீர் காசிம் என்பவர் அவருக்குக் கல்வி அளித்து, அம்பர் என்ற பெயரையும் சூட்டினார். பின்னர் அகமதுநகரின் பேஷ்வா, அதாவது தலைமை அமைச்சர், சங்கீஸ் கான் அவரை வாங்கினார். அந்தப் பேஷ்வாவும் முன்னாள் அடிமையான ஹப்ஷி, அதாவது எத்தியோப்பியர், என்பதைக் கவனிக்க வேண்டும். தக்காணத்தில் அடிமையாக வந்த வீரன், விடுதலை பெற்றபின் படைத்தலைவனாக உயர்வதற்கு வழி இருந்தது. எசமானர் இறந்தபின் அவருடைய மனைவி அம்பருக்கு விடுதலை அளித்தார். சில காலம் அண்டை அரசான பீஜப்பூரில் பணியாற்றி, 'மாலிக்' என்ற பட்டத்துடன், சிறு குதிரைப்படை ஒன்றின் தலைவராக அவர் அகமதுநகருக்குத் திரும்பினார்.

கோட்டை விழுந்த அதே ஆண்டில், அரச மரபைச் சேர்ந்த ஓர் இளைஞரைத் தேடிப் பிடித்து, இரண்டாம் முர்தசா நிஜாம் ஷா என்று பரண்டாக் கோட்டையில் முடிசூட்டினார். தம் மகளையும் மணம் செய்துகொடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் போட்டியாளரான ராஜு தக்கணியையும் அடக்கினார். 1610 அளவில் அவரிடம் பத்தாயிரம் ஹப்ஷி வீரர்களும் நாற்பதாயிரம் தக்காண வீரர்களும் இருந்ததாக ஆங்கில வணிகர் வில்லியம் ஃபின்ச் குறித்துவைத்தார்.

இனி அவருடைய போர்முறைக்கு வருகிறேன். என் உரையின் மையம் அதுதான். முகலாயப் படை பெரிது. பீரங்கி, யானை, கூடாரம், அங்காடி, பெண்டு பிள்ளைகள் என்று ஒரு நகரமே நகர்வது போல அது நகரும். திறந்த வெளியில் அதை நேருக்கு நேர் எதிர்த்தால் தோல்விதான். 1616இல் ரோஷன்காவ் அருகே அவர் அப்படி எதிர்த்துத் தோற்றார். அவருடைய தலைநகரான கட்கியும் எரிக்கப்பட்டது. எனவே அவருடைய கணக்கு வேறு. அந்தப் பெரும் படைக்கு நாள்தோறும் தானியமும் தீவனமும் தண்ணீரும் வந்தாக வேண்டும். அவை வரும் பாதையை அறுத்துவிட்டால், படை எவ்வளவு பெரிதோ அவ்வளவு விரைவாகப் பசி அதை வாட்டும். இதற்கு ஏற்றவர்கள் மராட்டியக் குதிரை வீரர்கள். சுமை குறைவு, குதிரை சிறிது, மலைப்பாதை ஒவ்வொன்றும் பழக்கம். எதிரியின் பின்னால் தொங்கிக்கொண்டு, இரவில் தாக்கி, விடியுமுன் மறையும் இந்த முறைக்குத் தக்காணத்தில் 'பர்கி-கிரி' என்று பெயர். சிவாஜியின் பாட்டனார் மாலோஜியும் தந்தை சாஹாஜியும் நிஜாம் ஷாஹிப் படையில் பணியாற்றியவர்களே.

இந்த முறையின் உச்சத்தை 1624இல் பட்வாடியில் காண்கிறோம். முகலாயரும் பீஜப்பூரும் சேர்ந்து வந்த நேரம் அது. அம்பர் அங்கிருந்த ஏரியின் கரையை உடைத்துவிட்டார். எதிரியின் பாசறையைச் சுற்றிய நிலமெல்லாம் சேறானது, வண்டிகளும் யானைகளும் அசையவில்லை, மழையும் சேர்ந்துகொண்டது. உணவு குறைந்தது, இரவுத் தாக்குதல்கள் தொடர்ந்தன, வீரர்கள் ஓடிவந்து அம்பரோடு சேர்ந்தனர். இறுதிப் போரில் பீஜப்பூர்த் தளபதி முல்லா முகமது லாரி கொல்லப்பட்டார். சாஹாஜியின் தம்பி சரீப்ஜியும் அம்பரின் பக்கம் போரிட்டு அங்கேயே மடிந்தார். எண்ணிக்கையில் பெரிய இரு படைகளை வெல்ல, நிலத்தையும் நீரையும் காலத்தையும் ஒரே நேரத்தில் பயன்படுத்திய தளபதி அவர். அக்காலத் தக்காணத்தில் இதற்கு நிகரான போர் எதையும் நான் அறியேன்.

அக்பருக்குப் பின் ஆண்ட முகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்கு அம்பர்மேல் இருந்த வெறுப்பு சொல்லி முடியாதது. பூமி உருண்டையின்மேல் நின்று, ஈட்டியில் குத்திய அம்பரின் தலைமீது பேரரசர் அம்பு எய்வதாக அபுல் ஹசன் தீட்டிய ஓவியம் இன்றும் உள்ளது. உண்மையில் அந்தத் தலை முகலாயர் கையில் ஒருநாளும் சிக்கவில்லை. ஜஹாங்கீரின் மகனான இளவரசர் குர்ரம் 1617இலும் 1621இலும் அம்பரைப் பணியவைத்து, நிலத்தைத் திரும்பப் பெற்றது உண்மை. முதல் உடன்படிக்கைக்காகவே குர்ரமுக்கு 'ஷா ஜஹான்' என்ற பட்டம் கிடைத்தது. ஆனால் படை திரும்பியதும் உடன்படிக்கை காற்றில் பறந்தது. வியப்பு என்னவெனில், பின்னர் தந்தையை எதிர்த்துக் கிளர்ந்த அதே ஷா ஜஹான் அம்பரின் உதவியை நாடி, அவருடன் சேர்ந்து புர்ஹான்பூரை முற்றுகையிட்டார்.

அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. தாம் அமர்த்திய சுல்தான் தமக்கு எதிராகத் திரும்பியபோது, 1610இல் அவரை நஞ்சூட்டிக் கொன்று, அவருடைய சிறுவயது மகனை அரியணையில் அமர்த்தினார். சுல்தான் பெயரளவில் இருக்க, ஆட்சி முழுவதும் அம்பரிடமே இருந்தது. அந்த அதிகாரத்தை அவர் நன்கு பயன்படுத்தவும் செய்தார். நிலத்தை வகைப்படுத்தி, விளைச்சலைக் கணக்கிட்டு வரி விதித்தார். கட்கி நகரை உருவாக்கி, நிலத்தடிக் கால்வாய் வழியே தொலைவிலிருந்து நீர் கொண்டுவந்தார். பிற்காலத்தில் ஔரங்காபாத் எனப்பட்ட ஊர் அதுதான்.

1626இல், எண்பதை எட்டும் வயதில் அவர் இறந்தார். குல்தாபாத்தில் அவருடைய கல்லறை உள்ளது. முகலாய அவையின் வரலாற்றாசிரியர் முத்தமத் கான், போரிலும் தலைமையிலும் நிர்வாகத்திலும் அவருக்கு ஈடில்லை என்று எழுதினார். எதிரியின் ஏட்டில் இருப்பதால் இந்தச் சொல்லுக்கு நான் கூடுதல் மதிப்பளிக்கிறேன். ஆயினும் அவருடைய ஆற்றல் முழுவதும் அவருடைய ஆளுமையோடும் அவர் பெற்ற நம்பிக்கையோடும் பின்னியிருந்தது. அதை மகன் ஃபத்தே கானிடம் ஒப்படைக்க முடியவில்லை. மகன் முகலாயரோடு ஒருமுறை சேர்ந்தார், ஒருமுறை பிரிந்தார்; 1633இல் தௌலதாபாத் கோட்டையை ஒப்படைத்தார். அதன்பின் சாஹாஜி, நிஜாம் ஷாஹி மரபுச் சிறுவன் ஒருவனை அரியணையில் வைத்துக்கொண்டு, அம்பரின் வழியிலேயே மலைக்கோட்டைகளிலிருந்து 1636 வரை போரிட்டார்.