வெய்வர் என்னும் வரம்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில், ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டமான மெடிகெய்டில் இருக்கும் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலேயே உதவி ஏற்பாடு செய்து தரும் வேலையில் பல வருடம் இருந்தேன். கேஸ் மேனேஜர் என்பார்கள். புதிதாக ஒரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்ததும் பெரும்பாலும் இந்தக் கேள்விதான் வரும்: "பக்கத்து மாநிலத்துல என் தங்கச்சி மாமியாருக்குக் குடுக்கிறாங்களே, எங்களுக்கு மட்டும் ஏன் இல்ல?"

நியாயமான கேள்வி. விடை பெரும்பாலும் 'வெய்வர்' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது, அதற்கு வருகிறேன். மெடிகெய்டு என்று பெயர் ஒன்று, ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் அது வேறு. கலிபோர்னியாவில் மெடி-கால், மாசசூசெட்ஸில் மாஸ்ஹெல்த், டென்னசியில் டென்கேர், ஓக்லஹோமாவில் சூனர்கேர். 1965 ஜூலை 30 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம், ஏழைகளின் மருத்துவச் செலவை மத்திய அரசும் மாநிலமும் பங்கிட்டுக்கொள்ள வழி செய்தது. வழக்கமான செலவில் பாதியாவது வாஷிங்டன் தரும். மிசிசிப்பி மாதிரி ஏழை மாநிலத்துக்கு முக்கால் பங்குக்கு மேல். பணம் தருகிறவர் கணக்குக் கேட்கத்தானே செய்வார்?

எனவே ஒவ்வொரு மாநிலமும் 'ஸ்டேட் பிளான்' என்று ஒரு திட்ட ஆவணம் வைத்திருக்கிறது. யாருக்கு, என்னென்ன, எவ்வளவு கூலிக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைத் திருத்த நினைத்தால் மத்திய அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும். அவர்கள் 90 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் நடுவில் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் எழுதிவிட்டால் கடிகாரம் நின்றுவிடும்! மாநிலம் பதில் அனுப்பிய பிறகுதான் மறுபடி ஓடும்.

விதியைத் திருத்துவது ஒரு வழி. விதியிலிருந்தே விலக்குக் கேட்பது இன்னொரு வழி. அதற்குத்தான் வெய்வர் என்று பெயர். இது எப்படிப் பெருகியது என்று சொல்ல ஒரு குழந்தையின் கதைக்குப் போகவேண்டும்.

அயோவா மாநிலம், சீடர் ரேபிட்ஸ் நகரம். 1978-இல் பிறந்த கேட்டி பெக்கெட்டுக்குச் சில மாதங்களிலேயே மூளை அழற்சி வந்தது. மூச்சு விடவே இயந்திரம் வேண்டியதாயிற்று. மூன்று வயதாகும்போது உடல் ஓரளவு தேறியது, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலை. பெற்றோரும் தயார்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை குழந்தையைத் தனியாகக் கணக்கெடுத்து மெடிகெய்டு பணம் கட்டும். வீட்டுக்குப் போன அன்றைக்கே அப்பா அம்மா வருமானம் கணக்கில் வந்துவிடும், உதவி நின்றுவிடும். ஆஸ்பத்திரிச் செலவோ வீட்டுச் செலவைப் போல ஆறு மடங்கு. 1981 நவம்பரில் ஜனாதிபதி ரீகன் பத்திரிகையாளர் கூட்டத்திலேயே இந்தக் கூத்தைச் சொல்லி அங்கலாய்த்தார். விதி தளர்ந்தது. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு முன்பே குழந்தை வீடு வந்து சேர்ந்தாள். நர்சிங் ஹோமுக்கு, அதாவது முதியவர்களும் முடியாதவர்களும் தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லத்துக்கு, போகாமல் வீட்டிலேயே உதவி பெற மாநிலங்கள் விலக்குக் கேட்கலாம் என்ற சட்டப்பிரிவும் அதே 1981-இல்தான் வந்தது. கேட்டி 2012 வரை வாழ்ந்தார், மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பேசினார்.

நான் வேலை பார்த்தது அந்தப் பிரிவின் கீழ்தான். மாநிலம் எழுதிக் கொடுக்கும் விண்ணப்பத்தில் எத்தனை பேர், என்னென்ன சேவை என்பது திட்டவட்டமாக இருக்கும். சராசரியாகப் பார்த்தால் நர்சிங் ஹோமைவிடச் செலவு கூடக்கூடாது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எண்ணிக்கை நிரம்பிவிட்டால் மீதிப் பேர் வரிசையில் நிற்பார்கள். நாடு முழுக்க அப்படிக் காத்திருக்கும் பட்டியல்களில் பல லட்சம் பெயர்கள்.

உள்ளே வந்துவிட்டாலும் சேவைப் பட்டியலில் உள்ளதுதான் கிடைக்கும். உதவியாளர் நேரத்தை 15 நிமிடம் ஓர் அலகு என்று வெட்டிக் கணக்கெழுதுவோம். பாட்டியைக் குளிப்பாட்ட மூன்று அலகு என்று நான் எழுதுவேன். பாட்டி அன்றைக்குப் பழைய கதை சொல்ல ஆரம்பித்தால் அதற்கு அலகு கிடையாது. சக்கர நாற்காலி ஏற வாசலில் சரிவுப்பாதை கேட்டால், பட்டியலில் இருந்தது, போட்டுக் கொடுத்தோம். வாடகை பாக்கி என்று அழுதவருக்கு என் கையில் ஒன்றுமில்லை. நர்சிங் ஹோமில் படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்தே பணம் கட்டும் மெடிகெய்டு, வீட்டில் இருப்பவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம்.

இந்த வேலியைத் தாண்ட இருப்பது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 1115 என்ற பிரிவு. சோதனை முயற்சிக்கான அனுமதி. இது மெடிகெய்டுக்கே மூத்தது, 1962-இல் வந்தது. கடைசியாக 1982-இல் மெடிகெய்டில் சேர்ந்த அரிசோனா, சேர்ந்ததே இந்த வாசல் வழியாகத்தான். 2024 அக்டோபரில் அரிசோனா, கலிபோர்னியா, நியூ மெக்சிகோ, ஓரிகன் ஆகிய நான்கு மாநிலங்களில் அமெரிக்கப் பழங்குடியினரின் பாரம்பரிய வைத்தியத்துக்கும் மெடிகெய்டு பணம் தரலாம் என்று அனுமதி கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம்.

ஆனால் அனுமதி கிடைத்தால் எல்லாம் முடிந்ததா? வட கரோலினாவைப் பாருங்கள். 2018-இல் 1115 அனுமதி வாங்கினார்கள். நோயுள்ள ஏழைகளுக்குக் காய்கறிப் பெட்டி, வீட்டு வாடகையில் கை கொடுத்தல், ஆஸ்பத்திரி தவிர மற்ற இடங்களுக்கும் வண்டி. நான் எழுத முடியாமல் தவித்ததெல்லாம் அங்கே விலைப்பட்டியலோடு சேவையாகிவிட்டது. 65 கோடி டாலர் வரை செலவிட இடமிருந்தது. 2022 மார்ச்சில் முதல் பெட்டிகள் போயின. காய்கறி விளைவித்த சிறு விவசாயிகளுக்கும் வருமானம். மதிப்பீடு செய்தவர்கள், சேர்ந்தவர்களுக்கு ஆகும் மருத்துவச் செலவு குறைந்திருக்கிறது, ஆளுக்கு மாதம் சுமார் 85 டாலர் என்றார்கள். மூன்று பகுதிகளில் மட்டும் நடந்ததை மாநிலம் முழுக்க விரிக்கலாம் என்று 2024 டிசம்பரில் வாஷிங்டன் இன்னும் ஐந்து வருட அனுமதி கொடுத்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! மாநிலம் போடவேண்டிய பங்கைச் சட்டமன்றம் ஒதுக்கவில்லை. 2025 ஜூலை 1 அன்று சேவை நின்றது. அனுமதிக் காலம் 2029 வரை இருக்கிறது.